குப்பத்து ஜனங்களுக்கு வீட்டுப் பட்டா மட்டும் குடுத்தா போதுமா?

"கடலோர பூர்வகுடி மக்களுக்கு வீட்டுக்கு பட்டா குடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சிடாதா, கடலுக்கெல்லாம் எப்படி உரிமை கேக்க முடியும்?"னு கேட்டிருக்கீங்க.

பிரச்சனை அதோட முடியாதுங்க. நான் சாந்தோம் பக்கம் குப்பத்துல பொறந்து வளந்தவன். எங்களுக்கு வீடு எவ்ளோ முக்கியமோ அதே அளவுக்கு வலை காயப்போடுற மணலும், போட்டை இழுத்து ஏத்துற எடமும், எங்க பொம்பளைங்க உக்காந்து மீன் விக்கிற ரோட்டோரமும் முக்கியம், ஆனா ரெவின்யூ ரெக்கார்டுல அதெல்லாம் புறம்போக்குன்னு போட்டிருக்கும், ரோடு போடணும் பீச்சை அழகாக்கணும்னு யார் கெளம்புனாலும் மொதல்ல கை வைக்கிறது அங்கதான். 1985ல மெரினாவ அழகுபடுத்தறோம்னு கட்டுமரத்தையும் வலையையும் அள்ளுனாங்க, போராட்டம் வெடிச்சு போலீஸ் சுட்டு உயிரே போச்சு. 2023 ஏப்ரல்ல மெரினா கரையோரமா போற லூப் ரோட்டுல மீன் கடைங்கள எடுக்க வந்தப்போ நொச்சிக்குப்பம் ஜனங்க போட்டை ரோட்டுக்கு குறுக்க போட்டு உக்காந்தாங்க. அடுத்த வருஷம் மீன் மார்க்கெட் தொறந்தாங்க, சரி, அந்த மணல் எங்களுதுன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எந்த பேப்பர்லயும் இல்ல.

சட்டமே இல்லன்னு சொல்ல மாட்டேன். மீனவர் ஊர், மீன் காயவைக்கிற எடம் மாதிரி பொது எடங்கள எல்லாம் மேப்புல காட்டணும், நாளைக்கு வேண்டிய வீட்டுக்கும் திட்டம் போடணும்னு மத்திய அரசோட 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலயே சொல்லிட்டாங்க. ஆனா 2023ல நம்ம மாநிலத்துக்கு வந்த கடலோர வரைவு மேப்புல பல ஊரே விட்டுப் போயிருந்துச்சு. கடலுக்கு 1983 மீன்பிடி ஒழுங்குமுறை சட்டம் இருக்கு, கரையிலேர்ந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ள விசைப்படகு மீன் புடிக்கக் கூடாது. நல்ல சட்டம்தான், ஆனா அது விசைப்படகுக்காரங்களுக்கு போட்ட தடை, அந்த தண்ணி மேல எங்களுக்குன்னு உரிமை ஒண்ணும் அதுல எழுதல. காட்டுல இருக்குறவங்களுக்கு 2006ல வன உரிமை சட்டம் வந்துச்சு, கடலுக்கு அப்படி ஒண்ணு இன்னும் வரல.

வெளிநாட்டுல இது நடந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல 2008ல ப்ளூ மட் பே வழக்குல, வடக்கு மாகாணத்துல பூர்வகுடிகளோட நிலத்து மேல ஏறி எறங்குற கடல் தண்ணியில மத்தவங்க மீன் புடிக்கணும்னா அவங்க அனுமதி வேணும்னு உச்சபட்ச கோர்ட்டே சொல்லிடுச்சு. பிலிப்பைன்ஸ்ல கொரோன் தீவு தக்பனுவா மக்களுக்கு 1998ல நிலத்தோட சேத்து சுத்தி இருக்குற கடலுக்கும் சான்றிதழ் குடுத்தாங்க.

என்னைக் கேட்டா மணலும் கடலும் ஊர் பேர்ல இருக்கணும், விக்க முடியாதபடி. தனித்தனியா பிரிச்சு குடுத்தா ஈசிஆர் பக்கம் இருக்குற நில வெலைக்கு பத்து வருஷத்துல பாதி கைமாறிடும், ஒருத்தன் கஷ்டத்துக்கு வித்தாலும் போட்டு ஏத்துற வழியே அடைபட்டுடும்.

ஆனா ஊர்னு சொன்னா யாரு? இத எங்க ஆளுங்களே கேட்டுக்கணும். எங்க ஊர் பஞ்சாயத்துல பொம்பளைங்களுக்கு எடமே இல்ல, மீன வித்து குடும்பத்த ஓட்டுறதே அவங்கதான். பழவேற்காட்டுல ஏரிய சீட்டு போட்டு முறை வச்சு பிரிச்சுக்குற பாடு முறை தலைமுறையா இருக்கு, அருமையான ஏற்பாடு, ஆனா அதே தண்ணியில எறங்கி கையாலயே இறால் புடிக்கிற இருளருக்கு அந்த சீட்டுல பேர் கெடையாது, அவங்கதான் பட்டியல் பழங்குடி. உரிமை பத்திரம் எழுதுற அன்னிக்கே பொம்பளைங்க பேரும் இருளர் பேரும் அதுல ஏறணும், அப்புறம் சேத்துக்கலாம்னா சேக்கவே மாட்டாங்க.

உங்க ஊர் கடலோரமா இருந்தா அந்த கடலோர மேப்பை எடுத்து வலை காயப்போடுற எடம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஊரா சேந்து போன்ல ஜிபிஎஸ் புள்ளி குறிச்சு கலெக்டர் ஆபீஸ்ல எழுத்துல ஆட்சேபணை குடுங்க, கைல ரசீது வாங்காம வராதீங்க.