நெருப்பில்லாமலும் புகையும்

அன்புள்ள சார்,

திருச்சியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கொஞ்ச நாளாக யூடியூபில் ‘உலகை ஆளும் 13 குடும்பங்கள்’ போன்ற வீடியோக்களாகவே பார்க்கிறான். வாட்டர்லூ போரை வைத்து ராத்ஸ்சைல்டு என்ற யூத வங்கிக் குடும்பம் பணக்காரர்களானது, வங்கிகளும் பத்திரிகைகளும் யூதர்கள் கையில் இருப்பது என்று சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சு. போன வாரம் ‘சீயோன் மூத்தோரின் நெறிமுறைகள்’ என்ற புத்தகத்தின் பிடிஎஃப்பை எனக்கு அனுப்பினான். யூத மூத்தோர் ரகசியமாகக் கூடி உலகைக் கைப்பற்றத் திட்டம் போட்டதாக அதில் இருக்கிறது. அது உண்மையான ஆவணமா, போலியா? அவனிடம் நான் எப்படிப் பேசுவது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். காஸாவில் குழந்தைகள் சாவதைப் பார்க்கும்போது அவன் சொல்வதிலும் ஏதோ இருக்குமோ என்று எனக்கே தோன்றுகிறது. இத்தனை நாடுகளில், இத்தனை நூற்றாண்டுகளாக, ஒரே மக்களைப் பற்றி ஒரே மாதிரி சொல்கிறார்கள். நெருப்பில்லாமல் புகையுமா சார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். போலி. 1921லேயே முடிந்துபோன விஷயம் இது. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) நிருபர் பிலிப் கிரேவ்ஸ் அந்த ஆகஸ்டில் மூன்று கட்டுரைகள் எழுதினார். மூன்றாம் நெப்போலியனின் எதேச்சதிகாரத்தைத் தாக்கி மொரீஸ் ஜோலி என்ற பிரெஞ்சு வழக்கறிஞர் 1864ல் ஒரு நூல் எழுதியிருந்தார், நரகத்தில் மாக்கியவெல்லி, மான்டெஸ்கியூ என்ற இரண்டு பழைய அரசியல் சிந்தனையாளர்கள் பேசிக்கொள்வதுபோல. யூதர்களுக்கும் அந்த நூலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதிலிருந்து பத்தி பத்தியாக உருவி, மாக்கியவெல்லி பேசியதை யூத மூத்தோர் பேசியதாக மாற்றியிருக்கிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டே கிரேவ்ஸ் காட்டினார். 1903ல் இதை முதலில் ரஷ்யாவில் தன் பத்திரிகையில் வெளியிட்டவர் பாவெல் குருஷெவான். அதே ஆண்டு ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்களே, அதற்கு முன்னால் ஒரு பையனை யூதர்கள் ரத்தத்துக்காகக் கொன்றார்கள் என்று தன் இன்னொரு பத்திரிகையில் எழுதி எழுதி ஊரைக் கொதிக்கவைத்தவரும் இதே ஆள்தான்.

ஆனால் போலி என்று நிரூபித்ததால் எதுவும் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு தன் சொந்தப் பத்திரிகையில் 1920லிருந்து இதைப் பரப்பினார், வழக்கில் மாட்டிய பிறகு 1927ல் மன்னிப்புக் கேட்டார், அதற்குள் அது ஜெர்மனிவரை போய்விட்டது. ஹிட்லர் தன் புத்தகத்தில் இதைப் பற்றி என்ன எழுதினார் தெரியுமா? ஒரு யூதச் சார்புப் பத்திரிகை இது போலி என்று புலம்புகிறதாம், அதுவே இது உண்மை என்பதற்குச் சிறந்த சான்றாம். இப்படிப் பேசுகிற ஒருவரிடம் எந்த ஆதாரத்தைக் கொண்டுபோய் வைப்பது? மறுத்தால் மறுப்பே சாட்சி, பேசாமல் இருந்தால் மௌனமே சாட்சி.

ராத்ஸ்சைல்டு, வாட்டர்லூ எல்லாம் பதில் சொல்லத் தகுந்ததே இல்லை. போர் நடந்து 31 ஆண்டுகள் கழித்துப் பாரீசில் ஒருவர் எழுதிய துண்டுப் பிரசுரத்திலிருந்து பரவிய கதை அது. 1940ல் நாஜிகள் அதைப் படமாகவும் எடுத்தார்கள். 13 குடும்பங்களைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவர். ‘நிறைய பேர் சொல்கிறார்கள், அதனால் இருக்கும்’ என்று ஒரு மாணவி விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் போடுவீர்களா? அப்புறம் ஒரு மக்கள் கூட்டத்தின் தலைமேல் மட்டும் அதை எப்படி வைக்கிறீர்கள்?

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அத்தை வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருவார். எங்களுக்கு ஈர்க்குச்சியில் காற்றாடி செய்து கொடுப்பார். ஒருநாள் அத்தையின் சங்கிலி காணாமல் போனது. அக்காவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே அடித்தார்கள், அவர் அழுத சத்தம் தெருமுனைவரை கேட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகப் பெட்டியைத் திறந்தபோது பட்டுப்புடவை மடிப்பிலிருந்து அந்தச் சங்கிலி விழுந்தது. தெரு என்ன சொன்னது தெரியுமா? ‘சங்கிலி கிடைச்சிடுச்சு, சரி. ஆனா நெருப்பில்லாம புகையுமா, வேற எதையாவது எடுத்திருப்பா.’ பிறகு அந்த அக்காவுக்கு எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார். இந்தப் பழமொழியை யார் சொன்னாலும் எனக்கு உடம்பு கூசும். நீங்கள் எழுதியதும் கூசியது.

உங்கள் கடிதம் வந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தது போலந்தின் கியெல்ட்ஸே ஊரைப் பற்றி. பொறுமையாகப் படியுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே ஏறக்குறைய 20,000 யூதர்கள் இருந்தார்கள். 1942 ஆகஸ்டில் சில நாட்களுக்குள் அவர்களில் பெரும்பாலோரை நாஜிகள் ரயிலில் ஏற்றி ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பி நச்சுவாயுவில் கொன்றார்கள். போர் முடிந்து, முகாம்களிலிருந்தும் சோவியத் பகுதிகளிலிருந்தும் பிழைத்து வந்த இருநூறு பேருக்கும் குறைவானவர்கள் திரும்பி வந்து, பிளான்டி தெரு 7ஆம் எண் கட்டடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். 1946 ஜூலை 1ஆம் தேதி ஓர் எட்டு வயதுப் பையன் வீட்டில் சொல்லாமல் ஒரு கிராமத்துக்குப் போனான், தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி செர்ரிப் பழம் தின்றான். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவன், யூதர்கள் தன்னைப் பிடித்து அந்தக் கட்டடத்தின் நிலவறையில் அடைத்துவைத்ததாகச் சொன்னான். மறுநாள் காலை போலீஸ் போய்ப் பார்த்தது. அந்தக் கட்டடத்தில் நிலவறையே கிடையாது.

நிலவறையே இல்லை, ஆர். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கொலைகள் தொடங்கின. சீருடைக்காரர்கள் உள்ளே போய்ச் சுட்டார்கள், வெளியே இழுத்துப்போட்டவர்களைக் கூட்டம் கற்களாலும் தடிகளாலும் அடித்தது, மதியத்துக்குமேல் பக்கத்து ஆலையிலிருந்து தொழிலாளர்கள் இரும்புக் கம்பிகளோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். செத்தவர்கள் 42 பேர். ஹிட்லரின் முகாம்களிலிருந்து தப்பியவர்களை, ஹிட்லர் செத்து ஓராண்டுக்குப் பிறகு, அவர்களுடைய சொந்த நாட்டுக்காரர்களே கொன்றார்கள். அடுத்த சில மாதங்களில் போலந்தில் மிஞ்சியிருந்த யூதர்கள் பல்லாயிரக்கணக்கில் நாட்டைவிட்டே ஓடினார்கள்.

ஓர் எட்டு வயதுப் பையனின் பொய் ஒரே நாளில் ஊரையே கிளப்பியது எப்படி? யூதர்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பிடித்துக் கொல்வார்கள் என்ற கதை ஏற்கெனவே தயாராக இருந்தது, அவன் பெயரை மட்டும்தான் சேர்க்க வேண்டியிருந்தது. 1144ல் இங்கிலாந்தின் நாரிச்சில் ஒரு சிறுவன் காட்டில் பிணமாகக் கிடந்தான். சில ஆண்டுகள் கழித்து அங்கே வந்த ஒரு துறவி, யூதர்கள்தான் கொன்றார்கள் என்று எழுதினார். அந்தக் கதை அங்கிருந்து இங்கிலாந்தின் இன்னோர் ஊரான லிங்கனுக்குப் போனது, 1475ல் இத்தாலியின் ட்ரென்ட் ஊருக்குப் போனது. ட்ரென்ட்டில் இறந்த குழந்தையைப் புனிதனாக்கி வணங்கினார்கள், 1965ல்தான் கத்தோலிக்கத் திருச்சபை அதை நிறுத்தியது. ஒவ்வோர் ஊரும் முந்தைய ஊரைச் சாட்சியாகக் காட்டியது. நீங்கள் ‘இத்தனை நாடுகள், இத்தனை நூற்றாண்டுகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பார்க்கிறவரை அங்கே ஒரே ஒரு பொய்தான் இருக்கிறது, ஊர் ஊராகப் போயிருக்கிறது. 1290ல் இங்கிலாந்து யூதர்கள் அத்தனை பேரையும் துரத்தியது. அதன்பிறகு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் அவர்கள் அங்கே வெளிப்படையாக வாழ முடியவில்லை. கதை மட்டும் அங்கேயே வாழ்ந்தது. லிங்கன் தேவாலயத்தில் அந்தக் கதை பொய் என்று பலகை வைத்தது 1955ல். உங்கள் தம்பியும் திருச்சியில் ஒரு யூதரையாவது நேரில் பார்த்திருப்பானா?

இந்தப் புகையால் யாருக்கு லாபம் என்று கேட்டால் இன்று பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரம்தான் எனக்கு நினைவுக்கு வரும். 1348ல் கொள்ளைநோய் பரவியபோது யூதர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்றார்கள். போப் ஆறாம் கிளெமென்ட்டே மறுத்தார்: யூதர்களும்தான் நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறது என்று. யார் கேட்டார்கள்? 1349 பிப்ரவரி 14, ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களைக் கொளுத்தினார்கள். அப்போது நோய் அந்த ஊருக்கு வந்துசேரவே இல்லை. பிறகு ஊரார் யூதர்களிடம் வாங்கியிருந்த கடனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ரொக்கத்தைப் பங்குபோட்டார்கள். யூதர்களைக் கொன்ற விஷம் பணம்தான் என்று அந்த ஊரின் வரலாற்றை எழுதியவரே குறித்துவைத்திருக்கிறார்.

காஸாவைப் பற்றி. உங்கள் மனம் பதறுவது நியாயம், பதறாவிட்டால்தான் எனக்கு உங்கள்மேல் வருத்தம் இருந்திருக்கும். குண்டு போட்ட ராணுவத்தைச் சொல்லுங்கள், உத்தரவிட்ட பிரதமரைச் சொல்லுங்கள், ஆயுதம் கொடுத்த நாடுகளைச் சொல்லுங்கள், பெயரும் தேதியும் போட்டுச் சொல்லுங்கள். அதற்கு எந்த மூத்தோரின் ரகசியக் கூட்டமும் தேவையில்லை. உங்கள் தம்பி அனுப்பிய புத்தகம் இஸ்ரேல் என்ற நாடு பிறப்பதற்கு 45 ஆண்டுகள் முன்பே அச்சானது. 1988ல் ஹமாஸ் வெளியிட்ட சாசனமும் இதையே மேற்கோள் காட்டியது, அதனால் ஒரு பாலஸ்தீனக் குழந்தைக்கும் ஒரு வாய் சோறு கூடுதலாகக் கிடைக்கவில்லை. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒருவன் துப்பாக்கியோடு யூத ஜெபக்கூடத்துக்குள் புகுந்து 11 பேரைக் கொன்றான், யூதர்கள்தான் அகதிகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவருகிறார்கள் என்று நம்பிக்கொண்டு. செத்தவர்களில் 97 வயது மூதாட்டியும் ஒருவர். அவரா உலகை ஆண்டார்?

தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், எங்கெங்கோ போய்விட்டேன். அந்த பிடிஎஃப்பை அழிக்கச் சொல்லாதீர்கள், சண்டையும் போடாதீர்கள், மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். கிரேவ்ஸ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பத்திகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். காஸா பற்றி அவனுக்குக் கோபம் வந்தால் அதைத் தடுக்க வேண்டாம், அது நல்ல கோபம். கியெல்ட்ஸேயைப் பற்றியும் சொல்லுங்கள், நிலவறை இல்லாததை விட்டுவிடாமல். அவன் என்ன கேட்டான் என்று எழுதுங்கள்.