தீர்ப்பை ஏன் முதலில் சொல்கிறீர்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் 1877 வரையிலான அமெரிக்க வரலாறு எடுக்கிறேன். மாணவர்களில் பலர் வேலை முடிந்து மாலையில் வருகிறவர்கள். பாடநூலை ஓரம் வைத்துவிட்டு மூல ஆவணங்களைக் கொடுக்கிறேன். சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சனை யாரும் தெய்வமாக்கிவிடக் கூடாது என்பதால், சமத்துவம் பேசிக்கொண்டே அடிமைகளை வைத்திருந்த வேஷக்காரர் அவர் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். ஆனாலும் ஆவணங்களை யாரும் படிப்பதில்லை. இப்படிப் போனால் பாடம் முடியாது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். ஸ்லைடு போட்டால் உதவுமா? நாவல் ஏதாவது சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

வரலாற்றுப் பாடம் எந்த ஊரில் முடிந்திருக்கிறது? அதை விடுங்கள். ஸ்லைடு உங்கள் சௌகரியம். நாவல் பட்டியல் தனியாக அனுப்புகிறேன்.

எனக்குக் கோபம் வந்தது அந்த 'வேஷக்காரர்' மேல்தான். முடிவை முதல் நாளே சொல்லிவிட்ட பிறகு ஆவணத்தில் அந்தப் பிள்ளைகள் தேடுவதற்கு என்ன இருக்கிறது? பாடநூல் 'மாமனிதர்' என்றது, நீங்கள் 'வேஷக்காரர்' என்கிறீர்கள். இரண்டையும் மாணவன் அப்படியே எழுதிக்கொள்ளத்தான் போகிறான். நாள் முழுக்க உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்குத் தாங்களே ஒன்றைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தையாவது கொடுங்கள்.

சில நாட்களாக ஒரு விளம்பரம் என் மனதைவிட்டுப் போகவில்லை. 1769 செப்டம்பரில் 'வர்ஜீனியா கெஸட்' இதழில் வந்தது. சாண்டி என்ற அடிமை ஓடிப்போய்விட்டான், வயது சுமார் 35, குள்ளம், கொஞ்சம் பருமன். செருப்புத் தைப்பவன், தொழிலில் பெரும்பாலும் இடது கையைத்தான் பயன்படுத்துவான். முரட்டுத் தச்சு வேலை தெரியும், குதிரை விஷயத்திலும் கெட்டிக்காரன். குடித்தால் திமிராகப் பேசுவான். ஒரு வெள்ளைக் குதிரையையும் தன் தொழில் கருவிகளையும் எடுத்துப் போயிருக்கிறான். பிடித்துக் கொடுத்தால் அதே கவுண்டிக்குள், அதாவது மாவட்டத்துக்குள், 40 ஷில்லிங் (2 பவுண்டு), வர்ஜீனியாவில் வேறெங்கும் என்றால் 4 பவுண்டு, வேறு பிரிட்டிஷ் காலனி என்றால் 10 பவுண்டு. கீழே கையெழுத்து: தாமஸ் ஜெஃபர்சன். அப்போது அவருக்கு 26 வயது.

இதைக் கொடுத்துவிட்டு நீங்கள் வாயே திறக்காதீர்கள். பரிசுத் தொகை ஏன் தூரத்தோடு ஏறுகிறது என்று யாராவது ஒருவர் கேட்பார். ஒரு பத்திரிகை விளம்பரத்தை நம்பி முன்பின் தெரியாதவர்கள் ஒரு மனிதனைப் பிடித்துக் கட்டி இழுத்து வருவார்கள் என்றால் அது எப்படிப்பட்ட சமூகம் என்று இன்னொருவர் கேட்பார். ஓடுகிறவன் கருவிகளை ஏன் சுமந்துகொண்டு போனான்? போகிற இடத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்திருக்கிறது, அந்த நம்பிக்கை ஜெஃபர்சனுக்கும் தெரிந்திருக்கிறது, விளம்பரத்திலேயே அதை எழுதியிருக்கிறார். சாண்டி இடது கைக்காரன் என்று நமக்குத் தெரிவதே அவனைப் பிடிக்கப் போட்ட விளம்பரத்தால்தான். இதையெல்லாம் 'வேஷக்காரர்' என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது.

நான் பி.ஏ. வரலாறு படித்தபோது எங்களுக்கும் அமெரிக்க வரலாறு ஒரு தாள். உள்நாட்டுப் போரின் காரணங்களை ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவோம். சுங்க வரி, மாநில உரிமை, அடிமை முறை, லிங்கனின் வெற்றி. எல்லாம் ஒரே அளவில், வரிசையாக. நல்ல மனிதர், குரல் கம்மும் வரை சொல்வார். 1861-இல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன மிசிசிப்பி மாநிலம் தன் காரணங்களை அறிவித்த அறிக்கையைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. சுங்க வரி என்ற பேச்சே அதில் இல்லை. அந்த ஒரு அறிக்கையை அன்று எங்கள் கையில் கொடுத்திருந்தால் அத்தனை குறிப்பும் தேவைப்பட்டிருக்காது.

அடுத்த பருவத்தில் 1769 விளம்பரத்தை முதலில் கொடுங்கள். அப்புறம் 1776 சுதந்திரப் பிரகடனம். அதோடு, அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் தன் வரைவில் எழுதி, காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் நீக்கிவிட்ட பத்தி. மூன்றும் கையில் இருக்கும்போது அவர் யார் என்று அவர்களே சண்டை போடட்டும். சாண்டி பிடிபட்டான், 1773-இல் 100 பவுண்டுக்கு விற்கப்பட்டான் என்பதை மட்டும் யாராவது கேட்கும்வரை சொல்லாதீர்கள். கேட்டது யார், எப்படிக் கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.