தும்மலுக்குக் காரணம் அந்த மஞ்சள் பூவா?

கேள்வி: வட அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் வீட்டின் பின்புறம் ஆகஸ்ட் கடைசியில் கோல்டன்ராட் என்னும் மஞ்சள் காட்டுப்பூ கொத்துக்கொத்தாகப் பூக்கிறது. அது பூத்ததுமே எங்களுக்குத் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கிவிடுகின்றன. செடிகளை வேரோடு பிடுங்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து பிடுங்காதீர்கள். அதே பருவத்தில், பெரும்பாலும் அதே வேலியோரத்தில், ராக்வீட் என்னும் களைச்செடியும் பூக்கிறது. அதன் பூக்கள் பச்சை நிறத்தில் தலைகவிழ்ந்து தொங்குவதால் அது பூத்திருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் காற்றின் வழியே மகரந்தத்தைப் பரப்பும் அச்செடி ஒன்றே ஒரு பருவத்தில் நூறு கோடித் துகள்கள் வரை உதிர்க்கக்கூடியது. பழியோ பளிச்சென்று கண்ணில் படும் கோல்டன்ராடின்மீது விழுந்துவிடுகிறது.

கோல்டன்ராடின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. ஒரு கொத்தை விரலால் மெல்ல வருடிப் பாருங்கள். மஞ்சள் பொடி விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, காற்றில் எளிதில் பறக்காது. பூச்சிகளின் உடலில் ஒட்டி அடுத்த பூவுக்குச் செல்வதற்கென்றே அமைந்தது அது. (சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்களைத் தொட்டாலே ஒவ்வாமை ஏற்படுபவர்கள் மட்டும் வெறுங்கையால் பறிக்க வேண்டாம்.) நீங்கள் அகற்ற வேண்டியது ராக்வீட்டைத்தான், அதுவும் பூக்கும் முன்பே. அதன் இலை பெரணி இலைபோலப் பல கூறுகளாகப் பிரிந்திருக்கும். கோல்டன்ராடின் இலை பிளவின்றி நீண்டு, நுனி கூர்மையாக இருக்கும்.

ஐரோப்பாவிலும் சீனாவிலும் கனடா கோல்டன்ராட் ஓர் அந்நியக் களையாகப் பரவிவிட்டதால் அங்கே அதை ஒழிக்க முயல்வது நியாயமே. உங்கள் பகுதியில் அது மண்ணின் செடி. மற்ற பூக்கள் ஓய்ந்துவிட்ட வேளையில், குளிர்காலத்துக்குத் தேன் சேர்க்கும் தேனீக்களும், மெக்சிகோவை நோக்கிப் பறக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளும் இந்தப் பூவின் தேனைப் பெரிதும் நம்பியிருக்கின்றன.

பூ முடிந்த பிறகும் காய்ந்த தண்டுகளை வெட்டாமல் விட்டுவையுங்கள். சில தண்டுகளின் நடுவே கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய வீக்கம் ஒன்றைக் காண்பீர்கள். அதற்குள் ஒரு சிறு ஈயின் புழு, உடலில் கிளிசரால் சேர்த்துக்கொண்டு உறைபனியைத் தாங்கிக் கிடக்கிறது. வளர்ந்த ஈக்குத் தண்டைக் கடித்துத் துளைக்கும் வாய் கிடையாது என்பதால், வெளியேறும் வழியைப் புழுப் பருவத்திலேயே மேல்தோல் வரை குடைந்து வைத்துவிடுகிறது. வீக்கத்தின் பக்கவாட்டில் கொத்திய துளை தென்பட்டால், ஒரு சிறு மரங்கொத்தி உங்கள் தோட்டத்தில் பசியாறிச் சென்றிருக்கிறது என்று அறியலாம்.