ஸ்டெயின்லெஸ் தகட்டில் டிரில் பிட் நீலமாகிறது: மிஷினை மாற்றணுமா?

வணக்கம். 304 ரக ஸ்டெயின்லெஸ் தகட்டில் 8 மி.மீ. துளை போட்டால் எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட்டின் நுனி நீலமாகி மழுங்குகிறது, பெரிய டிரில்லிங் மிஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முதலில் பெல்ட்டை மெதுவான புல்லிக்கு மாற்றுங்கள்.

நீங்கள் சொன்ன 1400 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1400 சுற்று) பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு 35 மீட்டர் ஓடுகிறது. இந்த உலோகத்தில் எச்.எஸ்.எஸ். தாங்குவது சுமார் 10 முதல் 15 மீட்டர். அதாவது 400 முதல் 600 ஆர்.பி.எம்.

ஆனால் வேகம் மட்டும் போதாது. பயந்து பயந்து லேசாக அழுத்தினாலும் பிட் வீணாகும். 304க்கு உரச உரச இறுகும் குணம் உண்டு. பிட் வெட்டாமல் ஒரே இடத்தில் சுற்றினால் அங்கே மேல்பரப்பு கடினமாகிவிடும், அப்புறம் புதுப் பிட் கூட இறங்காது. அதனால் அழுத்தத்தை விடாதீர்கள், வெட்டுப்படும் உலோகம் சுருளாகத் தொடர்ந்து வர வேண்டும். சுருள் நின்றால் உடனே பிட்டைத் தூக்கிவிடுங்கள். கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள். தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது, கிளாம்ப் போடுங்கள். பிட் மறுபக்கம் வெளியேறும்போதுதான் தகடு சுழன்று கையைக் கிழிக்கும்.

செலவு செய்ய நினைத்தால், 5 சதவீதம் கோபால்ட் கலந்த 135 டிகிரி நுனிக் கோணமுள்ள ஸ்பிளிட் பாயின்ட் (நுனியின் நடுவும் வெட்டும்படி தீட்டிய) பிட் ஒன்று வாங்குங்கள். தங்க நிறப் பூச்சுள்ள பிட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை சாணை பிடித்தால் நுனியில் பூச்சு போய்விடும். கோபால்ட் பிட்டில் உலோகம் முழுக்க ஒன்றே, எத்தனை முறையும் தீட்டலாம்.