தோல் இருக்கை என்று விற்ற காரில் ரெக்சின்: வழக்கு நிற்குமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காரின் உயர்ரக மாடலை, விளக்கக் கையேட்டில் ‘லெதர் இருக்கைகள்’ என்று இருந்ததாலேயே கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். இப்போது ஓட்டுநர் இருக்கையின் அமரும் பகுதியும் ஓரமும் செதில் செதிலாக உரிகின்றன. சீட் கவர் தைப்பவர் பார்த்துவிட்டு, இது தோலே அல்ல, ரெக்சின் என்கிறார். டீலரோ, “இதையும் லெதர் என்றுதான் இந்தத் துறையில் சொல்வோம், செயற்கைத் தோல் அசலைவிட நன்றாகவே உழைக்கும், தொட்டுப் பார்த்துத்தானே வாங்கினீர்கள், உத்தரவாதமும் முடிந்துவிட்டது” என்கிறார். இலவசமாகப் புதிய செயற்கைத் தோல் உறை போட்டுத் தரவும் முன்வருகிறார். ஏற்கலாமா, வழக்குத் தொடரலாமா?

பதில்: அசல் தோல் சிறந்ததா, செயற்கைத் தோல் சிறந்ததா என்ற விவாதத்துக்குள் டீலர் உங்களை இழுக்கிறார். அதற்குள் போகாதீர்கள். எது நன்றாக உழைக்கும் என்பதல்ல உங்கள் வழக்கு. எதைத் தருவதாகச் சொல்லி விலை வாங்கினார்களோ அதைத் தந்தார்களா என்பதே வழக்கு. செயற்கைத் தோல் சில வகைகளில் மேலானது என்பது உண்மையாகவே இருக்கலாம். கறையைத் துடைப்பது எளிது, நிறம் ஒரே சீராக இருக்கும், விலங்குத் தோலை விரும்பாதவர்கள் அதைத் தேடியே வாங்குகிறார்கள். ஆனால் கேட்ட பொருளுக்குப் பதிலாக வேறொரு நல்ல பொருளைக் கொடுத்தேன் என்பது விற்பனைச் சட்டத்தில் எதிர்வாதம் ஆகாது.

எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இருப்பினும் இலங்கையின் 1896ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைக் கட்டளைச் சட்டம், இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், மலேசியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை பிரிட்டனின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியவை. சிங்கப்பூரில் நடைமுறையில் உள்ளதும் அதே மரபில் வந்ததுதான். விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பது இவை அனைத்துக்கும் பொதுவான நிபந்தனை. விற்றவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை; அவரும் அறியாமலே விற்றிருந்தாலும் நிபந்தனை மீறப்பட்டதுதான். தொட்டுப் பார்த்து வாங்கினீர்கள் என்ற வாதத்துக்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது: மாதிரியைக் காட்டியும் விவரித்தும் விற்றால், மாதிரியோடு ஒத்திருப்பது மட்டும் போதாது, விவரிப்போடும் ஒத்திருக்க வேண்டும். அதிலும் கார் இருக்கைத் தோலின் மேல் பெரும்பாலும் நிறமியும் அதன் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சும் இருப்பதால், அசலையும் நகலையும் விரலால் தடவிப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம்.

துறை வழக்கம் என்ற வாதத்தை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உடல் படும் பகுதிக்கு மட்டும் தோலைப் போட்டு, பக்கவாட்டிலும் பின்புறத்திலும் அதே நிறச் செயற்கைப் பொருளைத் தைப்பது கார்த் தயாரிப்பில் பரவலான வழக்கம். பல விளக்கக் கையேடுகள் அதை அடிக்குறிப்பில் சொல்லியும் விடுகின்றன. உங்கள் கையேட்டில் அத்தகைய குறிப்பு இருந்தால், ஓரப் பகுதியைப் பற்றிய உங்கள் கோரிக்கை வலுவிழக்கும். அமரும் பகுதியே தோல் இல்லை என்றால் அந்த அடிக்குறிப்பு டீலருக்கு உதவாது. ‘லெதரெட்’ என்றோ ‘லெதர் ஃபினிஷ்’ என்றோ எழுதியிருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அது செயற்கைப் பொருளைக் குறிக்கும் சொல் என்று எதிர்த்தரப்பு சொல்வதை நீதிபதி ஏற்கக்கூடும். ஆகவே முதலில் கையேட்டைக் கடைசி வரி வரை படியுங்கள். நீங்கள் வாங்கிய மாதத்தில் வெளியான பதிப்பாக அது இருக்க வேண்டும். அதோடு மாடல் வாரியான விலைப்பட்டியல், முன்பதிவுப் படிவம், விலைச்சீட்டு, விற்பனையாளர் உங்களுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். இருக்கையைத் தவிர வேறு வேறுபாடு அதிகம் இல்லாத இரண்டு மாடல்களின் விலை வித்தியாசம், உங்கள் இழப்பீட்டைக் கணக்கிட மிகச் சிறந்த சான்றாகும்.

வழக்கின் உயிர்நிலை, அந்தப் பொருள் என்னவென்று நிரூபிப்பதுதான். தைப்பவரின் கருத்து நம்பத்தக்கதே, ஆனால் நீதிமன்றத்தில் அது மட்டும் போதாது. அவர் சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது: தோலின் வெட்டு விளிம்பில் ஒழுங்கற்றுப் பின்னிக்கிடக்கும் நார்கள் தெரியும், ரெக்சினின் அடியில் நெய்த அல்லது பின்னிய துணி இருக்கும். உரியும் விதமும் வேறு. பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து பூச்சின் வேதிப் பிணைப்புகளைச் சிதைக்கும்போது, மேல்படலம் துணியிலிருந்து ஏடு ஏடாகக் கழன்று வரும். பிவிசி வகையில் மென்மைக்காகச் சேர்த்த பொருள் காலப்போக்கில் வெளியேறிவிட, அது விறைத்து வெடிக்கும். பூச்சுள்ள அசல் தோலோ மடிப்புகளில் நிறம் தேய்ந்து, விரிசல் விட்டு, உள்ளே நார் தெரியும்படி பழசாகும். இடையில் இன்னொரு சிக்கலும் உண்டு: அரைத்த தோல் நார்களைப் பிசினால் ஒட்டிச் செய்யும் பொருளும், தோலின் அடிப்பாளத்தின் மேல் தடித்த பிளாஸ்டிக் படலம் ஏற்றிய பொருளும் சந்தையில் இருக்கின்றன, இவற்றில் தோல் நார் இருக்கும் என்பதால் மேலோட்டமான சோதனை உங்களுக்கு எதிராகவே முடியலாம். மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் வெறுமனே தோல் என்று அழைக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலையான இஎன் 15987 வகுத்த எல்லை. அது உங்கள் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், துறையினரே அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டப் பயன்படும். பிரேசில் 1965லும் இத்தாலி 2020லும் இந்தச் சொல்லைத் தோல் அல்லாதவற்றுக்குப் பயன்படுத்துவதைச் சட்டம் போட்டே தடுத்துள்ளன.

எனவே தோல் ஆய்வகம் ஒன்றில், குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்து எழுத்தில் அறிக்கை தரச் சொல்லுங்கள். நுண்ணோக்கி வழியே தோலை அடையாளம் காண ஐஎஸ்ஓ 17131 என்ற பன்னாட்டு முறை இருக்கிறது. மாதிரியை நீங்களே தனியாக வெட்டி எடுத்துவிடாமல், தேதி குறிப்பிட்டு டீலருக்கு முன்கூட்டியே தெரிவித்து, படம் எடுத்து, உறையிட்டு முத்திரையிட்ட பிறகே அனுப்புங்கள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். கொளுத்தி முகர்ந்து பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பிவிசி எரிந்தால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு, சான்றும் கருகிப்போகும்.

உத்தரவாதம் முடிந்தது என்பது, உரிந்ததற்கு இலவசமாகச் சரிசெய்து தரும் கடமையை முடிக்கலாம். தவறாக விவரித்ததற்கான பொறுப்பை முடிக்காது. ஆனால் காலவரம்பு உண்மையிலேயே உங்களை அச்சுறுத்துகிறது. இந்திய நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் அது கடந்துவிட்டது. உண்மை மறைக்கப்பட்டதால் இப்போதுதான் தெரிய வந்தது என்று வாதிடவும், போதிய காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரவும் வழி உண்டு. அதற்குத் தைப்பவர் சொன்ன நாளை எழுத்தில் பதிந்து வைத்திருப்பது அவசியம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் மட்டும் காலக்கெடு நின்றுவிடாது. வேறு நாட்டில் வாங்கியிருந்தால் கெடு வேறுபடும். இந்த வாரமே விசாரியுங்கள்.

மூன்று ஆண்டுகள் ஓட்டிய காரைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் கேட்பது, என் கணிப்பில், எடுபடாது. பயன்படுத்தியதன் மூலம் நீங்கள் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். விலை வித்தியாசம், அசல் தோலில் உறை மாற்றும் செலவு, மன உளைச்சலுக்கான நியாயமான தொகை ஆகியவற்றில் உங்கள் கோரிக்கை நின்றால் அது வலுவாக இருக்கும். டீலரோடு தயாரிப்பாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையேட்டை வெளியிட்டவர் அவரே.

டீலரின் இலவச உறையை இப்போது ஏற்க வேண்டாம். பழைய உறை கழற்றப்பட்டால் உங்கள் சான்று அவர் கைக்குப் போய்விடும். பின்னர் சமரசமாக ஏற்பதானாலும், பழைய உறையை உங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும், இது உரிந்ததற்கான பரிகாரம் மட்டுமே, மற்ற உரிமைகள் தொடர்கின்றன என்றும் எழுதி வாங்குங்கள். ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற வரி இருக்கும் தாளில் கையெழுத்திடாதீர்கள். எந்தப் பொருளில் உறை மாற்றினாலும், இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை இருக்கிறதா என்று பாருங்கள். அது விரியும்போது கிழிந்து வழிவிடுவதற்கென்றே தனித் தையல் உண்டு. சாதாரண நூலால் அங்கே தைத்துவிட்டால் விபத்தில் உயிருக்கே ஆபத்து. அந்தத் தையலும் இருக்கை உணரிகளும் தயாரிப்பாளரின் முறைப்படியே மீண்டும் அமைக்கப்பட்டன என்ற சான்றைப் பணியைச் செய்தவரிடமிருந்து எழுத்தில் பெற்ற பிறகே காரை எடுத்து வாருங்கள்.