தலவாக்கலைத் தம்பிக்கு எந்த கேமிங் லெப்டொப்?

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “உயர்தரம் முடித்துவிட்டேன். கொழும்பில் வேலை செய்யும் அக்கா லெப்டொப் வாங்க மூன்று இலட்சம் ரூபாய் தருகிறார். படிப்புக்கும் வேண்டும், வலரன்ட், ஜிடிஏ 5 விளையாடவும் வேண்டும். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று ஐ7-1255யூ, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 2050. மற்றது ஐ5-12450எச், 8 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4050. விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஐ7 தான் நல்லது என்கிறார் கடைக்காரர். எங்கள் பக்கம் மழை என்றால் கரண்ட் போய்விடும். எதை வாங்க, அண்ணா?”

இரண்டாவதை வாங்குங்கள் தம்பி. ஐ7 என்ற பெயரை விட, புரொசெசர் எண்ணின் கடைசியில் இருக்கும் எழுத்துதான் முக்கியம். ‘யூ’ என்று முடிவது 15 வாட்டை அடிப்படையாக வைத்துச் செய்த சிப். பெட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதில் வேகமான கோர்கள், அதாவது வேலையைச் செய்யும் பகுதிகள், இரண்டுதான். ‘எச்’ என்று முடியும் உங்கள் ஐ5 45 வாட் சிப், வேகமான கோர்கள் நான்கு. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஆர்டிஎக்ஸ் என்ற கிராபிக்ஸ் சிப்பில் இருக்கிறது. 2050 இல் 4 ஜிபி நினைவகம், 4050 இல் 6 ஜிபி. வலரன்ட் இரண்டிலும் ஓடும். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு 4 ஜிபி இப்போதே இறுக்கமாகத்தான் இருக்கிறது.

ரேம் 8 ஜிபி என்று கவலைப்பட வேண்டாம், அது பெரும்பாலும் பிறகு கூட்டக்கூடிய பொருள். கிராபிக்ஸ் சிப் உள்ளே இருக்கும் மதர்போர்டோடு ஒட்டியது, மாற்றவே முடியாது. கடையில் லெப்டொப்பை ஓட விட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் வரும். அதில் மெமரி பகுதியில், ரேம் செருகும் இரண்டு ஸ்லொட்டில் ஒன்றுதான் பாவனையில் இருப்பதாகக் காட்டினால் நல்ல செய்தி. இன்னொரு 8 ஜிபி போட்டால் ரேம் இரட்டைப் பாதையில் ஓடும், கேம் ஓட்டத்திலேயே வித்தியாசம் தெரியும். ரேமின் வகை டிடிஆர்4 ஆ, டிடிஆர்5 ஆ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதன் ஸ்லொட்டில் ஏறாது.

சரி, இனித்தான் கடைக்காரர் சொல்லாத விஷயம். 4050 என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. தயாரிப்பாளர் அந்தச் சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 45 வாட் கொடுத்த மெல்லிய லெப்டொப்பும் 95 வாட் கொடுத்த தடித்த லெப்டொப்பும் ஒரே ஸ்டிக்கரோடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஓட்டம் வேறு. என்விடியா கன்ட்ரோல் பெனலில் சிஸ்டம் இன்பர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச வாட் எழுதியிருக்கும். அதைத் திறக்கக் கடையில் விடவில்லையா? சார்ஜரைத் திருப்பி, வெளிவரும் மின்சாரம் என்ற வரியைப் பாருங்கள். 20 வோல்ட், 10 அம்பியர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 200 வாட். 20 வோல்ட், 6 அம்பியர் என்றால் 120 தான். சிறிய சார்ஜரோடு வரும் லெப்டொப் கிராபிக்ஸுக்கு அள்ளிக் கொடுக்காது.

கரண்ட் போனால் லெப்டொப் அணையாது, பெட்டரி இருக்கிறது. ஆனால் பெட்டரியில் விளையாட்டு மந்தமாகும்; அது பழுதல்ல, பெட்டரியால் அவ்வளவு வாட் தர முடியாது. எனக்குப் பயம் இடியைப் பற்றித்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்நேரம் வானம் இருண்டால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ரௌட்டர் வயரையும் லெப்டொப்பிலிருந்து எடுங்கள். திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர் வாங்குவதானால் முதலில் வீட்டு வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் பாருங்கள். பழைய லயன் வீடுகளின் பிளக் பொயின்டில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதில் வயர் இருக்காது. லெப்டொப்பின் உலோக உடம்பில் கை வைத்தால் சுர்ரென்று கூசுவது பெரும்பாலும் அதனால்தான்.

கரண்ட் பில்லுக்கு அம்மா யோசிப்பார். 150 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் மாதம் 13, 14 யூனிட். உங்கள் வீடு இப்போது 50 யூனிட்டில் நிற்கிறது என்றால் கவனம். 60 ஐத் தாண்டினால் கட்டண முறையே மாறும்.

நம் மலையகக் குளிர் லெப்டொப்புக்கு நல்லதுதான். ஆனால் குளிருக்குக் கம்பளியைப் போர்த்தி, அதன் மேலேயே லெப்டொப்பை வைத்து விளையாடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. காற்று இழுக்கும் துளை அடிப்பக்கத்தில், கம்பளி அதை மூடிவிடும். பலகையில் வையுங்கள், பின்பக்கத்துக்கு ஒரு புத்தகம் முட்டுக் கொடுங்கள். விறகடுப்பு எரியும் அறைக்கு ஒரு சுவர் தள்ளியாவது வையுங்கள். அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து ஃபேன் இடுக்கில் கறுப்புத் தாராக ஒட்டும், ஊதினால் போகாது; கழற்றித்தான் துடைக்க வேண்டும்.

கேம்களையும் கோப்புகளையும் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் குறையக் கூடாது, பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும். அப்புறம் வொரண்டி. கடையின் வொரண்டியா, இறக்குமதி செய்யும் ஏஜென்டின் வொரண்டியா என்று கேட்டு, பில்லில் சீரியல் நம்பரோடு எழுதி வாங்குங்கள். பழுதானால் கண்டியில் எடுப்பார்களா, கொழும்புக்கே கொண்டுபோக வேண்டுமா என்பதையும் அக்காவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். காசைக் கையில் கொடுக்கும் முன்பே.