இசை வழியே அமெரிக்க ஊர்கள்: கேள்வி பதில்

கேள்வி: நியூ ஓர்லியன்ஸில் மூன்று நாள் இருப்போம். ஜாஸ் கேட்கப் போர்பன் தெரு போதுமா அண்ணா?

போதாது. போர்பன் தெருவை ஒருமுறை குறுக்கே கடந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், அங்கே கூச்சல்தான் அதிகம். ராத்திரிக்கு பிரெஞ்ச்மென் தெரு. 1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹாலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். சின்ன அறை, மது கிடையாது. முன்னால் உட்கார்ந்தால் டிராம்போன் உங்கள் முகத்துக்கு நேரே நீளும்.

ஞாயிற்றுக்கிழமை இருப்பீர்கள் என்றால் செகண்ட் லைன் என்ற வாத்திய ஊர்வலத்தைத் தவறவிடாதீர்கள். அதை நடத்துவது கறுப்பின மக்களின் பேட்டைச் சங்கங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களைச் சேர்க்காத காலத்தில், சந்தா பிரித்து மருந்துச் செலவையும் அடக்கச் செலவையும் பார்த்துக்கொண்ட சங்கங்கள் அவை. சங்கத்தார் பளபள சூட்டும் இறகு விசிறியுமாக முன்னால் ஆடிப் போவார்கள். தோளில் சுற்றிய பெரிய ஊதுகுழலான சூசாஃபோன் அடிவயிற்றில் இடிக்கும். பின்னால் ஊரே ஆடிக்கொண்டு வரும், நீங்களும் சேரலாம். ஆனால் ஆடுபவர் மூக்குக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். கோடை உச்சத்தில் ஊர்வலம் இருக்காது. எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதை டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் வானொலி சொல்லிவிடும்.

டிப்ஸுக்கு ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: நாஷ்வில் பிராட்வே தெருவின் பாட்டு மதுக்கடைகளில் நுழைவுக் கட்டணமே இல்லையாமே, நிஜமா?

பெரும்பாலான இடங்களில் நிஜம்தான். அதனால்தான் டிப்ஸ் வாளி சுற்றி வருகிறது. பாடுகிறவர் அதை நம்பித்தான் மேடை ஏறுகிறார். நோட்டு!

கேள்வி: போர்பன் தெருவிலேயே ஓட்டலில் அறை போடலாமா சார்?

தூக்கம் வேண்டாம் என்றால் போடுங்கள்.

கேள்வி: ப்ளூஸுக்குத் தாய்வீடு மெம்பிஸ்தான், சிகாகோ வெறும் வாடகைவீடு. ஒப்புக்கொள்வீர்களா?

மாட்டேன். தாய்வீடு இரண்டுமே இல்லை, மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா எனப்படும் சமவெளியின் பருத்திக் காடு. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் அங்கே கிளார்க்ஸ்டேல் பக்கத்துப் பண்ணையிலிருந்து 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். மதுக்கடை இரைச்சலில் சாதா கிட்டார் எடுபடவில்லை, மின்கிட்டாருக்கு மாறினார். அந்தச் சத்தம்தான் சிகாகோ ப்ளூஸ். அதைப் பதிவு செய்த செஸ் நிறுவனத்தின் கட்டடம் சவுத் மிச்சிகன் அவென்யூ 2120ஆம் எண்ணில் இன்னும் நிற்கிறது.

மெம்பிஸ்காரர் மறுபடியும்: இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டியை மறந்துவிட்டீர்களே! எங்கள் பீல் தெருவில் இருந்துதானே ப்ளூஸ் ஊர் ஊராகப் பரவியது?

பாட்டுகளை அச்சில் ஏற்றிப் பரப்பினார், சரி. ஆனால் மிசிசிப்பியின் டுட்வைலர் ரயில் நிலையத்தில், கத்தியைத் தந்தியில் அழுத்தி கிட்டார் வாசித்த ஒருவரைக் கேட்டதாக ஹேண்டியே எழுதியிருக்கிறார். மறுபடியும் டெல்டாதான்.

சிகாகோ வாசகர்: அப்போ நாங்கள் ஜெயித்தோம்!

யாரும் ஜெயிக்கவில்லை ஐயா. இரண்டு பேரும் 'சிட்டி ஆஃப் நியூ ஓர்லியன்ஸ்' ரயிலில் ஏறுங்கள். சிகாகோவில் ராத்திரி ஏறினால் விடியும்போது மெம்பிஸ், அப்புறம் மிசிசிப்பி, பிற்பகலில் நியூ ஓர்லியன்ஸ். டெல்டா மக்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே போனதும் ரயிலில்தான். சண்டையை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்பன் தெருவில் நல்ல பார்...

அடுத்த கேள்வி.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக் கார் எங்கே மலிவு?

தெரிந்தவரைக் கேளுங்கள், எனக்குப் பாட்டுதான் தெரியும்.

கேள்வி: பத்து வயது மகனோடு வருகிறோம். கிளப்பில் விடுவார்களா அண்ணா?

பல இடங்களில் 21 வயது ஆகாமல் விடமாட்டார்கள், வாசலில் கெஞ்சிப் பயனில்லை. பிரிசர்வேஷன் ஹாலில் குழந்தைகளுக்கும் இடம் உண்டு. பகலில் மெம்பிஸில் ஸ்டாக்ஸ் என்ற சோல் இசைப் பதிவு நிறுவனத்தின் அருங்காட்சியகம். 1975இல் மூடிய ஸ்டூடியோ இடிக்கப்பட்டு, அதே மனையில் 2003இல் எழுப்பியது. டெட்ராய்ட் பக்கம் போனால் மோடவுன் அருங்காட்சியக வீடு: 1959இல் பெர்ரி கோர்டி தொடங்கி உலகையே ஆட வைத்த இசைப் பதிவு நிறுவனம், பார்த்தால் சாதாரணக் குடியிருப்பு. திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள்.